மண் எனக்கு, மரம் அண்ணனுக்கு

என் கல்யாணத்தில் அப்பா எனக்கு மஞ்சக்காணி கொடுத்தார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கிற நிலத்துக்கு அதுதான் பேர். மஞ்சள் குங்குமச் செலவுக்கு என்று சொல்லிக் கொடுப்பது. அந்தப் பெண் அதில் இறங்கி ஏர் பிடிக்கப் போவதில்லை என்பது கொடுக்கும்போதே முடிவான விஷயம். கூடப்பிறந்தவன் பயிர் வைப்பான். அறுப்பு முடிந்ததும் மூட்டையைக் கொண்டுவந்து இறக்குவான். அவள் அவனுக்குக் காப்பி கொடுத்து, வெற்றிலை பாக்கு வைத்து அனுப்புவாள். இது சொத்தா, தானமா என்று கேட்டால் கேட்டவளுக்கு வாய் நீளம் என்பார்கள். எனக்கு வாய் நீளம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நிலம் கம்மாபுரத்துக்கு மேற்கே இருந்தது. மானாவாரிக் கொல்லை. மழையை நம்பி மல்லாட்டை போடுவார்கள். வேர்க்கடலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். நடுநடுவே கம்பும் துவரையும் இருக்கும். வரப்பில் மட்டுமில்லாமல் கொல்லையின் நடுவிலும் அங்கங்கே வன்னி மரங்கள் நின்றன. யாரும் நட்டவை அல்ல. ஏர் ஓட்டுகிறவர்கள் மாட்டை மரத்தைச் சுற்றித் திருப்பிக்கொண்டு போவார்கள். கோடையில் ஆட்டுக்கிடைக்காரர் வந்து அந்த மரத்தடியில் ஆடுகளை நிறுத்துவார். ஆடு வன்னிக் காயைத் தின்று அங்கேயே எரு போடும். அதற்குப் பிறகுதான் உழவு.

தாம்பூலத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சபையில் அப்பா சொன்ன வார்த்தை இது: "காணி பொண்ணுக்கு. மரவடை வூட்டுக்கு."

மரவடை என்றால் நிலத்தில் நிற்கிற மரங்களின் மேல் உள்ள உரிமை. புளியோ மாவோ பனையோ நிற்கிற நிலத்தைப் பெண்ணுக்குக் கொடுக்கும்போது இப்படி ஒரு கொக்கி போட்டு வைப்பது எங்கள் ஆட்களுக்கு வழக்கம். வருஷா வருஷம் வருகிற புளி வீட்டை விட்டுப் போய்விடக் கூடாதல்லவா. என் நிலத்தில் புளியும் இல்லை, மாவும் இல்லை. வன்னியை உலுக்கினால் முள்தான் விழும். இருந்தாலும் அப்பா வாய்ப்பழக்கத்தில் அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். கழுத்தில் மாலையோடு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்த நான் பேசாமல் இருந்தேன். என் வாழ்நாளில் நான் பேசாமல் இருந்த ஒரே நாள் அதுதான். அதற்குக் கொடுத்த விலையைத்தான் சொல்லப் போகிறேன்.

என் வீட்டுக்காரர் கடலூரில் கணக்கு வாத்தியார். செம்மண்டலத்தில் வாடகைக்கு இருந்தோம். அறுபதுகளின் தொடக்கத்தில் அபிசீனியாவில், இப்போது எத்தியோப்பியா என்கிறார்களே, அங்கே பள்ளிக்கூடங்களுக்கு வாத்தியார் வேண்டுமென்று கேட்டு, நம் ஊரிலிருந்து பலபேர் போனார்கள். இவரும் போனார். நானும் கைக்குழந்தையாக இருந்த மகளைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். பம்பாயில் கப்பல் ஏறி, ஜிபூத்தியில் இறங்கி, ரயிலில் மலை ஏறினோம். ஹரார் என்கிற ஊருக்கு வெளியே ஒரு கிராமத்தில் பள்ளிக்கூடம். அதை ஒட்டி வீடு. வீட்டை ஒட்டிச் சோளக் கொல்லை.

வீட்டுக்கார அம்மாள் ஒரு முஸ்லிம் விதவை. நிலபுலன் உள்ளவள், குரல் பெரிசு. வாடகை கேட்க வருகிற மாதிரி வந்து நின்று என் சட்டி பானையை எல்லாம் திறந்து பார்ப்பாள். என்னைவிட வாய் நீளமான பெண்ணை முதன்முதலில் அங்கேதான் கண்டேன். எனக்கும் அவளுக்கும் முதல் மாதம் முழுக்கச் சண்டை. இரண்டாம் மாதத்திலிருந்து ஒருத்தியை விட்டு ஒருத்தி இருக்க முடியவில்லை.

அவள் கொல்லை நடுவில் முள்மரங்கள் நின்றன. நம் வன்னிக்கு ஒன்றுவிட்ட அக்கா மாதிரி ஒரு மரம். கெர்பி என்பார்கள். அதன் குணம் விசித்திரமானது. மழை பிடித்து ஊரெல்லாம் பச்சை பிடிக்கும்போது அது இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். கோடையில் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது தழைத்து நிற்கும். பயிர் இருக்கும் காலத்தில் நிழல் கட்டாது, பயிர் இல்லாத காலத்தில் மாட்டுக்கு நிழலும் காயும் கொடுக்கும். மரத்தைச் சுற்றி இருந்த சோளம் என் தலைக்கு மேலே கை எட்டாத உயரத்தில் இருந்தது. மரத்தை விட்டுத் தள்ளி இருந்தது என் தோளுக்கு. நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு இடத்திலும் நின்று பார்த்தேன். இதைப் பார்க்க ஒரு படிப்பும் தேவையில்லை, கண் இருந்தால் போதும். என் வீட்டுக்காரர் அதே கொல்லை வழியாகத்தான் தினமும் பள்ளிக்கூடம் போனார். ஒரு நாளும் பார்க்கவில்லை. கேட்டால், "இங்க மரம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

அங்கே கண்ட இன்னொன்றுதான் பின்னால் எனக்குக் கைகொடுத்தது. வீட்டு உத்திரத்துக்காக அந்த அம்மாள் ஒரு கெர்பியை வெட்டினாள். மறு மழைக்குக் கட்டையைச் சுற்றிக் கொத்தாகத் துளிர்கள் கிளம்பின. ஒருநாள் அரிவாளோடு வந்து, ஆட்டை ஒரு பக்கம் திட்டிக்கொண்டே, துளிர்களில் நேரானவையாக ஒன்றிரண்டை விட்டுவிட்டு மீதியை அறுத்துத் தள்ளினாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் தழையை வாங்கிப் போட்டேன். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் செய்தாள். நாங்கள் ஊருக்குக் கிளம்புகிற காலத்தில் விட்ட துளிர் கூரைக்கு மேலே வளர்ந்திருந்தது. கீழே வேர் பழசு அல்லவா, புதுக் கன்று மாதிரி அது தண்ணீருக்கு ஏங்கவில்லை.

அங்கே இருந்தபோதே அப்பா போய்விட்டார். கடிதம் வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது. அழுவதற்குக்கூட எனக்கு ஒரு தோள் இல்லை என்று நினைத்தேன். வீட்டுக்கார அம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று அவள் சட்டி பானையைத் திறக்கவில்லை.

நாங்கள் திரும்பி வந்தது மார்கழியில். ஆருத்ரா தரிசனத்துக்குச் சொந்தமெல்லாம் சிதம்பரத்தில் ஒரு வீட்டில் கூடும். தேருக்குப் போகிற கூட்டம், திரும்பி வருகிற கூட்டம், நடுவில் களி. அந்தக் கூட்டத்தில் என்னை உட்காரவைத்து ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். அங்கே மனிதனை மனிதன் தின்கிறானாமே. துணி கட்டத் தெரியுமா. சிங்கம் வாசலுக்கு வருமா. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னேன். அண்ணனின் சகலை ஒருவர் கேட்டார்: "அங்கல்லாம் வெள்ளாமைன்னு ஒன்னு உண்டா இன்னா?"

"உண்டு. நம்மவிட நல்லாவே பண்றாங்க" என்று சொல்லி, மரத்தடிச் சோளத்தைப் பற்றிச் சொன்னேன். நம் வன்னியும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான், அதன் அடியில் மல்லாட்டை எப்போதும் கருகருவென்று இருக்குமே, கவனித்ததில்லையா என்றும் கேட்டேன்.

கூடம் முழுக்கச் சிரித்தது. "ஆப்பிரிக்காக்காரன்கிட்ட போயி வெவசாயம் கத்துகிட்டு வந்துருக்குது பாரு தங்கச்சி" என்றார் சகலை. சொன்னவர் நிறத்தை அடுப்புக்கரியோடு சேர்த்து வைத்தால் கரி வெட்கப்படும். நானும் அதே நிறம்தான். எங்கள் கூட்டமே அந்த நிறம்தான். இதில் யார் யாரைக் கறுப்பு என்று சிரிப்பது? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் மெல்ல எழுந்து தேர் பார்க்கப் போய்விட்டார்.

அப்போதுதான் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "வன்னியப் பத்திப் பேசறியே, நல்லதாப் போச்சு. இந்த வருஷம் அதையெல்லாம் எடுத்துடலாம்னு இருக்கேன்."

அவர் சினேகிதர் ஒருவர் டிராக்டர் வாங்கி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். வட்ட இரும்புச் சட்டிகள் கோத்த சட்டிக் கலப்பை போட்டு ஆழமாக உழுதால் விளைச்சல் அள்ளிக்கொண்டு போகும், ஆனால் நடுவில் மரம் நின்றால் டிராக்டர் திரும்பாது என்று அவர் சொல்லியிருக்கிறார். நெய்வேலிப் பக்கம் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம். செங்கல் சூளைக்காரர்கள் விறகுக்கு அலைந்தார்கள். மரத்துக்கு ஆளும் தயார், கொல்லைக்கு டிராக்டரும் தயார். என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை.

"எங் கொல்லையில நிக்கற மரத்த நீ எப்படி வெட்டுவ?" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்க்கக்கூட இல்லை. பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "அப்பா சபையில சொன்னது ஒங்களுக்கு ஞாபகம் இருக்குல்ல? நெலம் அதுக்கு. மரம் எனக்கு."

பெரியப்பா தலையை ஆட்டினார். எனக்கும் ஞாபகம் இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை இழுத்து எழுப்பி அறைய வேண்டும் போல இருந்தது.

தை கழிந்ததும் விஷயம் பேசிமுடிக்க எங்கள் பிறந்த வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். பெரியப்பா, சித்தப்பா, சகலை, இன்னும் இரண்டு பங்காளிகள். பெண்கள் சமையற்கட்டு வாசலில் நின்றார்கள். அண்ணி காப்பித் தட்டோடு உள்ளேயும் வெளியேயும் போய்வந்துகொண்டிருந்தார். நான் மட்டும் ஆண்கள் நடுவில் போய் உட்கார்ந்தேன். அதுவே பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை.

முதலில் கெஞ்சினேன். எனக்குக் கெஞ்ச வராது, ஆனாலும் கெஞ்சினேன். "இந்த வருஷம் மூட்டையே குடுக்க வேணாம்ண்ணே. மரத்த வுட்டுடு."

"பிச்சையா எடுக்கறன் நானு? ஒனக்குக் குடுக்க வேண்டியத குடுத்துடுவேன். மரத்தப் பத்திப் பேசாத."

"மரம் போச்சுன்னா கெடை வராது. கெடை வரலன்னா எருவுக்கு எங்க போவ?"

"அதான் உரக்கடை இருக்குதே."

"சரி. மரம் ஒன்னுது. எம் மண்ணுல கால் வைக்காம வெட்டிக்க."

இதைக் கேட்டுப் பெரியப்பா சிரித்துவிட்டார். "அதெப்படிம்மா? மரம் அவன்துன்னா மரத்துக்குப் போற வழியும் அவன்துதான். ஒலகத்துல இல்லாத ஞாயம் பேசாத."

என் வீட்டுக்காரர் என் பக்கம் சாய்ந்து, "விடேன், மரம்தானே" என்றார். மரம்தானே. இந்தத் 'தானே' என்கிற சொல்லைக் கண்டுபிடித்தவர் யார் என்று தெரிந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்பேன். பெண்தானே, காணிதானே, மரம்தானே.

அப்போதுதான் வேலிக்கு அப்பால் ஆட்டைத் திட்டிக்கொண்டே அரிவாளைச் சுழற்றியவள் ஞாபகத்துக்கு வந்தாள். கோபம் அப்படியே இருந்தது, ஆனால் புத்தி தெளிந்துவிட்டது.

"பெரியப்பா, ஒன்னே ஒன்னு கேக்கறேன். மரவடைன்னா மண்ணுக்கு மேல நிக்கறதா, கீழ இருக்கறதா?"

"மேல நிக்கறதுதான்."

"அப்ப கீழ இருக்கற வேரு?"

பெரியப்பா வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார். "பூமிக்குள்ள இருக்கறது பூமிக்காரிக்குத்தான். புதையலே கெடைச்சாலும் ஒனக்குத்தான் போ."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "வேரையும் அடிக்கட்டையையும் நீயே வச்சிக்க. அடுப்பெரிக்க ஒங்க ஆப்பிரிக்காவுக்குக் கட்டி அனுப்பு."

மறுபடியும் கூடம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "வேரும் கட்டையும் எனக்குன்னு அண்ணன் வாயால சொல்லிடுச்சு. பெரியப்பா, நீங்க கேட்டுக்கங்க. சித்தப்பா, நீங்களும் கேட்டுக்கங்க" என்றேன். ஒரு பொம்பளைக்குக் கட்டையைக் கொடுத்து வாயை அடைத்துவிட்டோம் என்ற திருப்தியில் எல்லாரும் தலையாட்டினார்கள். எங்கள் ஆட்களுக்குச் சபையில் சொன்ன வார்த்தை என்றால் வார்த்தைதான். அதனால்தான் அப்பாவின் வார்த்தையை மீற முடியாமல் நான் தோற்றேன். அதே கயிறு அண்ணன் கழுத்திலும் விழுந்ததை அன்று யாரும் கவனிக்கவில்லை. சமையற்கட்டு வாசலில் நின்ற அண்ணி மட்டும் தட்டைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசியில் வெட்டினார்கள். நான் முதல் பஸ்ஸைப் பிடித்துக் கொல்லைக்குப் போய்விட்டேன். வன்னி சாமி மரம். விஜயதசமி அன்று அதற்குத்தான் பூசை. சாமி அம்பு போட்ட பிறகு அதன் இலையைக் கொண்டுபோய் வீட்டில் வைப்பார்கள். அப்படிப்பட்ட மரத்தை வெட்டத் தயக்கம் இருக்காதா? இருந்தது. அதற்காக அண்ணன் ஒவ்வொரு மரத்தடியிலும் சூடம் ஏற்றித் தேங்காய் உடைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிறகு வெட்டச் சொன்னார். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோவில். தேங்காய்க்கு மயங்குகிற சாமி எந்தச் சாமியோ எனக்குத் தெரியாது.

வெட்டுகிற ஆட்களிடம் போய்ச் சொன்னேன்: "தரையோட போவாதீங்க. முழங்கால் ஒசரம் வுட்டுடுங்க. பட்டை உரியாம சாய்வா வெட்டுங்க. அது என் பங்கு." குனிய வேண்டாம் என்பதால் அவர்களுக்கும் சௌகரியம். அண்ணன், "கட்டைக்கு இன்னா கவனிப்பு பாரு" என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

மரம் விழுகிற சத்தத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. வரப்பில் உட்கார்ந்து கடைசி மரம் வரைக்கும் பார்த்தேன். அழுகை வரவில்லை. அண்ணனோடு இனிப் பேச்சு வேண்டாம் என்று தோன்றியது. சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மாட்டுப் பொங்கல் காட்டியவர். அதே மனிதர்தான் என் எதிரே நின்று கோடாலிக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை நினைக்க நினைக்க ஆத்திரம் அடங்கவில்லை.

பங்குனிக் கடைசியில் கிடைக்காரர் எப்போதும் போல ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வெறும் கொல்லையைப் பார்த்துவிட்டு வரப்பிலேயே நின்று, "நெழலு இல்லாத கொல்லையில மத்தியானத்துக்கு ஆட்ட எங்க நிறுத்தறது?" என்று கேட்டுவிட்டு, அப்படியே அடுத்த ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது ஆடுகள் வழக்கமாக நிற்கிற இடத்துக்குத் தாங்களாகவே ஓடி, கட்டைகளைச் சுற்றி நின்றதாகவும், அவற்றைத் திருப்பி ஓட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டதாகவும் பக்கத்துக் கொல்லைக்காரர் சொன்னார். ஆட்டுக்குத் தெரிந்தது.

சித்திரையில் கோடை மழை ஒன்று பெய்ததும் டிராக்டர் வந்தது. முதல் சால் ஓட்டுவதற்குள் சட்டிக் கலப்பை ஒரு கட்டையில் இடித்துப் போல்ட்டு தெறித்தது. இரண்டாவது கட்டையில் சட்டியே வளைந்தது. டிராக்டர்க்காரர் இறங்கி, சினேகிதம் வேறு, டிராக்டர் வேறு என்று சொல்லிவிட்டு, கட்டையை வேரோடு தோண்டி எடுத்த பிறகு கூப்பிடு என்று கிளம்பிப் போய்விட்டார்.

அன்று சாயந்திரமே அண்ணன் செம்மண்டலத்தில் என் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை.

"கட்டையத் தோண்டணும்."

"கட்டை என்னுது."

"வெளையாடாத. கொல்லைய உழ வேணாமா?"

"மாடு வச்சி உழு. மாட்டுக்குச் சுத்திப் போவத் தெரியும்."

"மச்சான், நீங்களாவது சொல்லுங்க" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "நீங்க சொன்ன வார்த்தைதானே மச்சான்" என்றார். அந்த ஒரு 'தானே'யை மட்டும் நான் மன்னித்தேன்.

அண்ணன் தெருப் பக்கம் இரண்டடி போய்த் திரும்பினார். பிறகு சொன்னார்: "கட்டை வேணுமா, பொறந்த வூடு வேணுமா, யோசிச்சு வையி."

இப்படித்தான் கேட்பார்கள். எங்கள் ஊரில் எந்தப் பெண் எதைக் கேட்டாலும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மூட்டை கேட்டாலும் இதுதான், காணி கேட்டாலும் இதுதான், வெறும் வேரைக் கேட்டாலும் இதுதான். அண்ணனிடம் இதே கேள்வியை யாராவது கேட்டதுண்டா? மரம் வேண்டுமா, தங்கச்சி வேண்டுமா என்று? பிறந்த வீடு என்பது என் வீடு இல்லையா, என் நடத்தை சரியாக இருந்தால் மட்டும் திறந்துவிடுகிற சத்திரமா?

"யோசிச்சிட்டேன்" என்றேன். "கட்டை இருக்கட்டும்."

அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுதது வருத்தத்தில் இல்லை, கோபத்தில்.

அந்த வருஷம் மாட்டை வைத்தே உழுது மல்லாட்டை போட்டார்கள். கிடை எரு இல்லை. அந்த வருஷம் கம்பளிப்பூச்சி விழுந்து இலையெல்லாம் நரம்பாக நின்றது. மரம் இருந்தால் பூச்சியே வந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். முன்பும் வந்திருக்கிறது. ஆனால் முன்பெல்லாம் வன்னி உச்சியில் கரிச்சான்கள் உட்கார்ந்திருக்கும், புழுவுக்கு முட்டை போடுகிற அந்துப்பூச்சியைப் பறக்கும்போதே கொத்திக்கொண்டு போகும். அந்த வருஷம் அவை உட்கார ஒரு குச்சி இல்லை. அண்ணன் என்னைத்தான் திட்டினாராம். ஆப்பிரிக்காவிலிருந்து கொள்ளிவாய் கொண்டுவந்துவிட்டேனாம்.

ஆனால் கட்டைகள் தழைத்தன. வைகாசியிலேயே பட்டைக்கடியிலிருந்து சிவப்பாகத் துளிர்கள் கிளம்பிவிட்டன. ஐப்பசி மழைக்குப் பிறகு நான் அரிவாள் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். ஒவ்வொரு கட்டையிலும் நேராக, தடிப்பாக இருக்கிற துளிராகப் பார்த்து ஒன்றிரண்டை விட்டுவிட்டு மீதியை அறுத்தேன். கையெல்லாம் முள் கிழித்தது. திட்டுவதற்கு ஆடு இல்லை. அதனால் அண்ணனையும், சகலையையும், தேங்காய்க்கு மயங்கின சாமியையும், தாம்பூலத் தட்டோடு நின்ற அப்பாவையும் வரிசையாகத் திட்டிக்கொண்டே அறுத்தேன். அப்பாவைத் திட்டும்போது மட்டும் கை நின்றது, பிறகு அவரையும் சேர்த்துத் திட்டினேன். அண்ணன் அடுத்திருந்த தன் கொல்லை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். கிட்டே வரவில்லை.

அந்தத் தையில் எனக்குப் பொங்கல் சீர் வரவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து, அபிசீனியாவில் இருந்த வருஷங்கள் தவிர, ஒரு பொங்கலுக்கும் நின்றதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்களுக்கெல்லாம் அண்ணன் தம்பிகள் கரும்பைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். "ஒங்க வூட்லேருந்து இன்னும் வரலியா?" என்று கேட்டவளுக்கு, "வராது" என்று மட்டும் சொன்னேன்.

பொங்கல் கழித்து ஒரு மத்தியானம் அண்ணி வந்தார். தனியாக, பஸ்ஸில். பையில் ஒரு மஞ்சள் கொத்தும் துண்டு போட்ட கரும்பும் இருந்தன. அண்ணனுக்குத் தெரியாது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் மகள் கரும்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் காப்பி கலந்து கொடுத்தேன்.

அண்ணி அதிகம் பேசாதவர். அந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் அவர் குரலைக் கேட்டதைவிட அவர் கையிலிருந்த தட்டுச் சத்தத்தைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஒங்கண்ணன் அதே பேச்சா இருக்காரும்மா. தழைச்சு வருதே, அது மரம்னு ஆனா யாருக்குன்னு. மரவடைல அதுவும் சேரும்னு ஒங்க பெரியப்பாகிட்ட கேக்கப் போறாராம்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. காப்பிச் சொம்பை டங்கென்று வைத்தேன். "அப்பா குடுத்தது அன்னிக்கு நின்ன மரம். அத இவரு வெட்டி சூளைக்குப் போட்டாச்சு. இது என் வேருலேருந்து வந்தது. போயிச் சொல்லுங்க அண்ணி, எனக்கும் ஒரு மக இருக்கா. அவ கல்யாணத்துல நான் சபையில நின்னு சொல்லப் போறேன், காணியும் பொண்ணுக்கு, மரவடையும் பொண்ணுக்குன்னு. எவன் சிரிக்கறான்னு பாக்கறேன்."

அண்ணி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. பிறகு, யாரிடமோ சொல்வது போல ஆரம்பித்தார்.

"என் மஞ்சக்காணில ரெண்டு புளியமரம் நிக்குது. எங்க அப்பாவும் அதே வார்த்தைதான் சொன்னாரு. வருஷா வருஷம் எங்கண்ணந்தான் வந்து ஒலுக்கிக்கறாரு. நான் கடையில புளி வாங்கறேன்."

காப்பியை அப்படியே கீழே வைத்தார். அன்றைக்குக் கூடத்தில் பெரியப்பாவிடம் நான் எப்படி ஆரம்பித்தேன், முதலில் என்ன கேட்டேன், அவர் என்ன சொன்னார், வார்த்தை மாறாமல் மறுபடி ஒருதரம் சொல்லச் சொன்னார்.